கூட்டத் தெரியாத கருவி

டீ நல்ல சூடாக இருக்கிறது, ஆறட்டும். அதற்குள் மேஜை மேல் இருக்கும் இந்த இரண்டையும் கையில் எடுத்துப் பாருங்கள். ஒன்று ஸ்கேல் போல நீளமாக, மூங்கிலில் செய்து வெள்ளைத் தகடு ஒட்டியது. நடுவில் ஒரு பட்டை நழுவி வரும். அதன் மேல், நட்ட நடுவே மெல்லிய கோடு இழுத்த ஒரு கண்ணாடி இங்குமங்கும் ஓடும். இது ஸ்லைடு ரூல். இன்னொன்று மிளகு அரைக்கும் குப்பி போல உருண்டையாக, உள்ளங்கையில் அடங்குகிற கறுப்பு உலோகக் கருவி. தலையில் ஒரு சின்னக் கைப்பிடி. இதன் பெயர் கர்ட்டா.

பழைய கணக்குக் கருவிகளை நான் சேர்த்துவருகிறேன் என்று தெரிந்து வீட்டுக்கு வருகிறவர்கள் அநேகமாக எல்லோரும் ஒன்றைத்தான் கேட்பார்கள். ஸ்லைடு ரூலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுல ரெண்டும் மூணும் அஞ்சுன்னு கூட்டிக் காட்டுங்க” என்பார்கள். அது இதில் வராது என்றதும் முகம் வாடிவிடும். கால்குலேட்டருக்கே தாத்தா என்கிறோம், இரண்டையும் மூன்றையும் கூட்டத் தெரியாதா என்று தோன்றுவது நியாயம்தான்.

தெரியாது என்பது உண்மை. ஆனால் இரண்டை மூன்றால் பெருக்கும், வகுக்கும், ஏழுக்கு வர்க்கமூலம் சொல்லும், கோணத்தை வைத்தால் சைன் மதிப்புத் தரும். இத்தனையும் தெரிந்த ஒன்றுக்குக் கூட்டல் மட்டும் ஏன் வரவில்லை என்பதைப் பிடித்துக்கொண்டால், இந்தக் கருவிகளின் உலகம் முழுவதும் திறந்துவிடும். அதைத்தான் இன்று மெதுவாகப் பார்க்கப் போகிறோம்.

முதலில் பிள்ளைகளின் பென்சில் பெட்டியிலிருந்து இரண்டு சாதாரண ஸ்கேல்களை எடுத்துக்கொள்வோம். ஒன்றைக் கீழே வையுங்கள். அதன் 2-க்கு நேராக மேல் ஸ்கேலின் பூஜ்யத்தை வையுங்கள். இப்போது மேல் ஸ்கேலின் 3-க்குக் கீழே என்ன இருக்கிறது? 5. இரண்டு முழம் பூவோடு மூன்று முழத்தைச் சேர்த்துக் கட்டினால் ஐந்து முழம் ஆவதைப் போலத்தான் இது. நீளத்தோடு நீளம் சேர்ந்தது. ஆக, இரண்டு ஸ்கேல் போதும், கூட்டும் கருவி தயார்.

இனி ஸ்லைடு ரூலின் கோடுகளைப் பார்ப்போம். இடது ஓரத்தில் பூஜ்யம் இல்லை, 1 இருக்கிறது. வலது ஓரத்தில் 10. நடுவில் 25 சென்டிமீட்டர். எண்களுக்கு இடையே உள்ள தூரம் ஒரே சீராக இல்லை. 1-க்கும் 2-க்கும் நடுவே அகலமாக இடம் இருக்கிறது. 8, 9, 10 எல்லாம் ஓரத்தில் நெருக்கியடித்து நிற்கின்றன. அச்சுப் பிழையோ என்று கேட்டவர்களும் உண்டு. ஒரு ஸ்கேலை வைத்து அளந்து பார்ப்போம். 1-லிருந்து 2 வரை 75 மில்லிமீட்டரும் ஒரு கால் மில்லிமீட்டரும். 2-லிருந்து 4 வரை? அதே 75-ம் காலும். 4-லிருந்து 8 வரை? அதேதான். இந்தச் சட்டத்தில் ‘இரட்டிப்பு’ என்பது ஒரு நீளம். எந்த எண்ணில் நின்றாலும், அந்த நீளத்துக்கு வலப்பக்கம் நடந்தால் எண் இரண்டு மடங்காகிவிடும்.

‘மூன்று மடங்கு’ என்பதற்கும் இதேபோல ஒரு நீளம் உண்டு. 1-லிருந்து 3 வரை உள்ள தூரம், 119 மில்லிமீட்டரும் காலும். இந்த இரண்டு நீளத்தையும் ஒன்றையடுத்து ஒன்றாக வைத்தால் 194-ம் அரையும் வரும். அந்த இடத்தில் கோடு போட்டு என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள்: 6. இரண்டு மடங்கு நடந்து, பிறகு மூன்று மடங்கு நடந்தோம், ஆறு மடங்கில் வந்து நின்றோம். கருவி செய்தது நீளங்களின் கூட்டல். நமக்குக் கிடைத்தது எண்களின் பெருக்கல்.

பிளஸ் டூ செய்முறைத் தேர்வுக்கு லாக் டேபிளைத் தூக்கிக்கொண்டு போனவர்களுக்கு இப்போது பொறி தட்டியிருக்கும். இரண்டு எண்களைப் பெருக்க, ஒவ்வொன்றுக்கும் மடக்கையைத் தேடி எடுத்து, இரண்டையும் கூட்டி, கடைசியில் ஆன்ட்டிலாக் பக்கத்துக்குப் போய் விடையை எடுப்போம். அந்த அட்டவணையில் இலக்கங்களாக இருப்பவை இங்கே நீளங்களாகப் படுத்திருக்கின்றன. 2-க்கு லாக் 0.301; அதை 250 மில்லிமீட்டரால் பெருக்கிப் பாருங்கள், நாம் அளந்த 75-ம் காலும் வந்து நிற்கும். 1614-இல் ஸ்காட்லாந்துக்காரர் ஜான் நேப்பியர் மடக்கையை வெளியிட்டார். சில ஆண்டுகளில் எட்மண்ட் கன்டர் அதை ஒரு கோட்டில் பொறித்து, கவராயத்தால் அளந்து பெருக்கினார். கவராயமே வேண்டாம், இரண்டு கோடுகளை அடுத்தடுத்து வைத்து நகர்த்தினால் போதும் என்று கண்டவர் இங்கிலாந்துப் பாதிரியார் வில்லியம் ஆட்ரெட். 1850-ஐ ஒட்டி, பிரெஞ்சு பீரங்கிப் படை அதிகாரி அமெடே மன்னைம் இன்றுள்ள அளவுகோல் வரிசையை அமைத்து, மேலே ஓடும் கர்சரைப் பரவலாக்கினார். கணினித் திரையில் மினுக்குவதற்கும் கர்சர் என்றுதான் பெயர். ஆனால் இந்தக் கண்ணாடிக்கு அந்தப் பெயர் முந்தி வந்தது.

இப்போது முதல் கேள்விக்குத் திரும்பலாம். கருவி நாள் முழுக்கக் கூட்டிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் அது கூட்டுவது மடக்கைகளை. எண்களையே கூட்ட வேண்டுமானால் எண்கள் சம இடைவெளியில் நிற்க வேண்டும். அதாவது நம் பள்ளிக்கூட ஸ்கேலாகவே அது மாற வேண்டும். பெருக்கலுக்காகக் கோடுகளை இடம் மாற்றிய அந்தக் கணமே கூட்டல் கைவிட்டுப் போனது. அந்தக் காலப் பொறியாளர்கள் கூட்டலைத் தாளில் போட்டுக்கொண்டார்கள், பெருக்கல், வகுத்தலுக்கு இதை எடுத்தார்கள்.

எல்லோருக்கும் இருக்கும் ஒரு தப்பெண்ணம் இங்கேதான் வேர் விட்டிருக்கிறது. ஸ்லைடு ரூலை கால்குலேட்டரின் பழைய, கொஞ்சம் மக்கான வடிவமாக நினைத்துக்கொள்கிறோம். பூக்காரம்மாவையும் தேங்காய்க் கடைக்காரரையும் நினைத்துப் பாருங்கள். பூக்காரம்மா முழம் போட்டு அளக்கிறார். அவர் முழம் கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். தேங்காய்க் கடைக்காரர் எண்ணுகிறார். பதினொன்று என்றால் பதினொன்றுதான், பதினொன்றேகால் தேங்காய் கிடையாது. ஒன்று அளப்பது, மற்றது எண்ணுவது. ஸ்லைடு ரூல் அளக்கும் குடும்பத்தில் பிறந்தது. கர்ட்டா எண்ணும் குடும்பம். சட்டைப் பையில் வைக்கும் மின்னணுக் கால்குலேட்டரும் எண்ணும் குடும்பம்தான். ஆகவே கால்குலேட்டருக்கு உண்மையான தாத்தா இந்த மிளகுக் குப்பி. மூங்கில் சட்டம் வேறு வம்சம்.

வம்சம் வேறு என்பதால் துல்லியமும் வேறு மாதிரி வரும். ஸ்லைடு ரூலில் விடையைக் கண்ணால் படிக்கிறோம். பழகிய கண்ணும் கால் மில்லிமீட்டர் அளவுக்குத் தவறலாம். 25 சென்டிமீட்டரில் அது ஆயிரத்தில் ஒரு பங்கு. விடையில் அது ஏறக்குறைய நூற்றுக்குக் கால் பங்குத் தவறாக வரும். அதனால்தான் மூன்று இலக்கம் வரை நம்பலாம் என்பார்கள். இடப்பக்கம் கோடுகள் விரிந்திருக்கின்றன, வலப்பக்கம் நெருங்கியிருக்கின்றன. அப்படியானால் இடப்பக்கம்தானே துல்லியம் என்று தோன்றும். எனக்கும் வெகுநாள் அப்படித்தான் தோன்றியது. உண்மையில் நூற்றுக்கு எத்தனை பங்கு தவறு என்று பார்த்தால் சட்டத்தின் எந்த இடத்திலும் அது ஒன்றே. வலப்பக்கம் உள்ள எண்கள் பெரியவை, அவற்றின் தவறும் அதே விகிதத்தில் பெரிது, அவ்வளவுதான். இந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும்.

சரி, நான்காவது இலக்கமும் வேண்டும் என்றால்? சட்டத்தைப் பத்து மடங்கு நீளமாக்க வேண்டும். அதைச் செய்தும் பார்த்தார்கள். பெல்ஃபாஸ்ட் பேராசிரியர் ஜார்ஜ் ஃபுல்லர் 1878-இல் காப்புரிமை பெற்ற கருவியில், 500 அங்குல அளவுகோல் ஓர் உருளையைச் சுற்றிச் சுற்றி ஏறுகிறது. ஏறக்குறைய 12.7 மீட்டர் நீளக் கோடு, கையில் பிடிக்கிற ஒரு குழாயில்! நான்கு இலக்கம் உறுதியாகவும், பல இடங்களில் ஐந்தாவதை ஊகித்தும் படிக்கலாம். ஃபுல்லர் கருவி ஒன்றை நல்ல நிலையில் பார்த்தால் விட்டுவிடாதீர்கள் என்றுதான் சொல்வேன். எண்ணும் குடும்பத்திலோ ஓர் இலக்கம் கூட வேண்டுமானால் இன்னொரு பல்சக்கரத்தைச் சேர்த்தால் போதும். அளப்பவர் ஒவ்வொரு இலக்கத்துக்கும் பத்து மடங்கு விலை கொடுக்கிறார், எண்ணுபவர் ஒரே ஒரு சக்கரத்தோடு முடித்துக்கொள்கிறார். கடைசியில் உலகம் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதற்கு இதுவே பாதிக் காரணம்.

இன்னொன்றையும் ஸ்லைடு ரூல் சொல்லாது: புள்ளி எங்கே என்று. 3.2-ஐ 48-ஆல் பெருக்கினால் சட்டம் 1-5-3-6 என்ற வரிசையைக் காட்டும். அது 15.36-ஆ, 153.6-ஆ என்று நாம்தான் முடிவுசெய்ய வேண்டும். மூன்று ஐம்பது நூற்றைம்பது, ஆகவே 153.6. இதைக் குறை என்பவர்கள் உண்டு, நான் அப்படி நினைக்கவில்லை. விடை எந்த அளவில் இருக்கும் என்று முதலில் தலையில் தெரிந்தால்தான் கருவியில் படிக்க முடியும். பாலம் கட்டியவரும் விமானம் வரைந்தவரும் மூன்று இலக்கத்தோடும் மனக்கணக்கோடும்தான் வேலை செய்தார்கள். அப்பல்லோ பயணங்களில் பிக்கெட் நிறுவனத்தின் அலுமினிய ஸ்லைடு ரூலும் கூடவே போனது.

டீயைக் குடித்துக்கொண்டே கர்ட்டாவை எடுங்கள். பக்கவாட்டில் எட்டுச் சின்னக் குமிழ்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஓர் இலக்கம். 347 என்று வைப்போம். கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். மேலே ஜன்னல்களில் 347 வந்துவிட்டது. இன்னொரு சுற்று, 694. ஒரு சுற்று என்றால் ஒரு முறை கூட்டல், இதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். 347-ஐ 23-ஆல் பெருக்க 23 தடவை சுற்ற வேண்டுமா? வேண்டாம். மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, மேல் தலையைச் சற்றே தூக்கி ஓர் இடம் திருப்பி வையுங்கள்; இனி ஒவ்வொரு சுற்றும் பத்துப் பத்தாகக் கூடும். இரண்டு சுற்று. மொத்தம் ஐந்து சுற்றில் 7981. தாளில் பெருக்கும்போது இரண்டாவது வரியை ஓர் இடம் தள்ளி எழுதுவோமே, அதேதான்.

உள்ளே நடுவில் ஓர் உருளை இருக்கிறது. படிக்கட்டு போல நீளம் மாறும் பற்கள் கொண்டது. 17ஆம் நூற்றாண்டில் லைப்னிட்ஸ் கண்ட வழி. குமிழை 3-இல் வைத்தால், அந்த இலக்கத்தின் சக்கரம் மூன்று பற்கள் மட்டும் படுகிற உயரத்துக்கு இறங்கும். 7-இல் வைத்தால் ஏழு பற்கள். பழைய இயந்திரங்களில் இலக்கத்துக்கு ஓர் உருளை வேண்டியிருந்தது, அதனால் அவை மேஜை அளவுக்கு வளர்ந்தன. கர்ட்டாவில் எட்டு இலக்கத்துக்கும் நடுவில் ஒரே உருளை. இலக்கங்கள் அதைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்திருக்கின்றன.

கழித்தல்தான் இதில் எனக்கு மிகப் பிடித்த இடம். கைப்பிடியைப் பின்பக்கம் சுற்ற முடியாது, அது பூட்டியிருக்கும். கைப்பிடியை லேசாக மேலே இழுத்துவிட்டு, அதே முன்பக்கம்தான் சுற்ற வேண்டும். முன்பக்கம் சுற்றினால் எப்படிக் குறையும்? கடிகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முள்ளை மூன்று மணி நேரம் பின்னால் தள்ளுவதும் ஒன்பது மணி நேரம் முன்னால் தள்ளுவதும் ஒரே இடத்தில்தான் கொண்டுவிடும். கைப்பிடியை உயர்த்தும்போது உருளையும் உயர்ந்து வேறு பற்களைக் காட்டுகிறது. 3 இருந்த இடத்தில் ஒன்பதுக்குக் குறைகிற 6, 7 இருந்த இடத்தில் 2. ஒன்றாம் இடத்தில் மட்டும் ஒன்று கூடும். இயந்திரம் கூட்டிக்கொண்டே போகிறது, இடப்பக்க ஓரத்தில் மிஞ்சும் 1 விளிம்பைத் தாண்டி விழுந்துவிடுகிறது, நம் கையில் கழித்தல் விடை நிற்கிறது. இது தெரிந்தால் 98-ஆல் பெருக்க எட்டும் ஒன்பதுமாகப் பதினேழு சுற்று வேண்டாம். நூறு கொடுத்து இரண்டு ரூபாய் மீதி வாங்குவது போல, நூறின் இடத்தில் கூட்டி ஒரு சுற்று, ஒன்றின் இடத்தில் கழித்து இரண்டு சுற்று. 347-க்கு 34006 வந்துவிடும்.

இதை வடிவமைத்தவர் கர்ட் ஹெர்ட்ஸ்டார்க், வியன்னாக்காரர். கணக்கு இயந்திரம் செய்யும் குடும்பம். தந்தை யூதர். 1943-இல் நாஜிகள் அவரைக் கைதுசெய்து புக்கன்வால்ட் வதைமுகாமுக்கு அனுப்பினார்கள். மனதில் அதற்கு முன்பே உருவாகியிருந்த இந்தக் கருவியை முகாமிலேயே வரைந்து முடிக்க அவரை அனுமதித்தார்கள். போரில் வென்றதும் ஹிட்லருக்குப் பரிசாகத் தரலாம் என்பது அவர்கள் எண்ணம். அந்த வரைபடம் அவர் உயிரைப் பிடித்துவைத்தது. 1945-இல் முகாம் விடுதலையானது. பிறகு லீக்டென்ஸ்டைன் என்ற குட்டி நாட்டில் தொழிற்சாலை எழுந்து, 1970-களின் தொடக்கம் வரை சுமார் 1,40,000 கர்ட்டாக்கள் வெளிவந்தன. கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வராமல் போனதில்லை.

1972-இல் ஹியூலட் பேக்கர்ட் நிறுவனத்தின் எச்பி-35 என்ற மின்னணுக் கால்குலேட்டர் வந்தது. 395 டாலர் விலை இருந்தும் சில ஆண்டுகளுக்குள் இரண்டு குடும்பத்தின் கைக்கருவிகளும் ஓய்ந்தன. உலகமெங்கும் மேஜை இழுப்பறைகளில் அவை உறங்கப் போனதால்தான் இன்று நமக்குக் கிடைக்கின்றன.

நீங்களும் சேர்க்க ஆசைப்பட்டால் ஸ்லைடு ரூலிலிருந்து தொடங்குங்கள். கர்ட்டா விலை அதிகம். வாங்குமுன் கடையிலேயே ஒரு சோதனை செய்யுங்கள்: நடுப்பட்டையின் 1-ஐக் கீழ்ச்சட்டத்தின் 1-க்கு நேராக வையுங்கள். வலது ஓரத்தில் 10-ம் 10-ம் ஒரே கோடாக நிற்கிறதா? நிற்கவில்லை என்றால் மரமோ தகடோ சுருங்கியிருக்கிறது. அப்புறம் கர்சர் கோடு செங்குத்தாக இருக்கிறதா என்று பார்க்க, அதைக் கீழே 3-இல் வையுங்கள். மேலே வர்க்க அளவுகோலில் சரியாக 9 தெரிய வேண்டும். மழைக்காலத்தில் மரக்கதவு இறுகுவது போல மரச் சட்டங்களின் நடுப்பட்டையும் இறுகும். நம் ஊர் ஈரத்துக்கு ஜப்பானின் ஹெம்மி செய்த மூங்கில் சட்டங்கள் நன்றாகத் தாங்குகின்றன. ஹெம்மியில் இன்னொரு சந்தோஷம், 1950 முதல் அவர்கள் இரண்டு ஆங்கில எழுத்துகளில் பிறந்த மாதத்தைப் பொறித்திருக்கிறார்கள். முதல் எழுத்து ஆண்டு, இரண்டாவது மாதம்; ஏ என்றால் 1950, ஏ என்றால் ஜனவரி. என் சட்டத்தில் எஃப், சி என்றிருக்கிறது. 1955 மார்ச்.

சுத்தம் செய்கிறேன் என்று ஸ்பிரிட் பக்கம் போகாதீர்கள். ஒரு பிளாஸ்டிக் சட்டத்தை நான் அப்படித் துடைத்தபோது, சிவப்பு எண்களில் ஒரு வரிசை முழுவதும் பஞ்சோடு வந்துவிட்டது. குழி செதுக்கி மை ஊற்றிய சட்டம் ஓரளவு தாங்கும். மேலே அச்சிட்டது தாங்காது. சோப்புத் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணி போதும். பழைய செல்லுலாய்டு கெடத் தொடங்கினால் அமில ஆவியை விடும், பக்கத்தில் உள்ள உலோகத்தையும் அரிக்கும். காற்றுப் புகாத பெட்டியில் எல்லாவற்றையும் ஒன்றாகப் பூட்டி வைக்க வேண்டாம்.

அந்த மூங்கில் சட்டத்தை இன்னொரு தரம் வெளிச்சத்தில் பிடியுங்கள். கீழ் அளவுகோலில் 7-ஐத் தாண்டி, 7.4-க்கும் 7.5-க்கும் நடுவே, ஊசியால் கீறிய ஒரு நூல் கோடு தெரிகிறதா? தொழிற்சாலை போட்டதல்ல. பழைய சாமான் கடையில் இதை வாங்கும்போதே இருந்தது. யாருடைய கை என்று கடைக்காரருக்கும் தெரியவில்லை. கர்சரை வைத்துப் படித்தால் 746. ஒரு குதிரைத்திறனுக்கு 746 வாட். நடுப்பட்டையின் வலது ஓரத்து 10-ஐ அந்தக் கீறலுக்கு நேராகத் தள்ளுங்கள். அப்புறம் எதையும் அசைக்க வேண்டாம், கண்ணை மட்டும் நகர்த்தினால் போதும்: 3-க்குக் கீழே 2.24, 5-க்குக் கீழே 3.73, ஏழரைக்குக் கீழே 5.6. எத்தனை எச்பி மோட்டாருக்கு எத்தனை கிலோவாட் என்று ஒரு பட்டியலே அப்படியே விரிந்து கிடக்கிறது. தினமும் பல தடவை அந்த இடத்தைத் தேடிச் சலித்துத்தான் கீறியிருப்பார். மோட்டார் வேலை பார்த்தவராக இருக்க வேண்டும்.